சவரிராயன் கழுத்து

எங்கள் ஊருக்கு வந்து சவரிராயன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'கழுத்து சவரி' என்று கேளுங்கள், வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அப்படிப் பேர் வாங்கிய கழுத்து அது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நினைக்கும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. நான் பேஸ் டிரம் அடிக்கிறவன், ஒரு இடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவரிராயன் என் அக்கா புஷ்பமேரியின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. பகலில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. பாப்பாரப்பட்டியிலும் தருமபுரியிலும் புதிதாகக் கட்டிய வீடுகளில் பாதிக்குமேல் தன் கை பட்ட தரைதான் என்று அடித்துப் பேசுவார். கல்யாணம், திருவிழா, சாவு என்று யாராவது கூப்பிட்டுவிட்டால் சிமெண்ட் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு டிரம்பெட்டைத் தூக்கிவிடுவார். எங்கள் பேண்டு செட்டுக்கு அவர்தான் தலை. நான், அந்தோணி பிரகாஷ், அவருக்குப் பின்னால் டிரம்மைக் கட்டிக்கொண்டு நடக்கிறவன். அவர் கழுத்தை நான் பார்த்த அளவுக்கு என் அக்காகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊர் அந்தோணியார் தேருக்கு ஒரு வழக்கம் உண்டு. தேர் கோவில் வாசலை விட்டு நகரும்போது பேண்டு முழுக்க அமைதியாகிவிட வேண்டும். டிரம்பெட் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்து ஊத வேண்டும். தேர் கொடிமரத்தைத் தாண்டுகிறவரை அந்தச் சத்தம் அறுந்துவிடக் கூடாது. தாண்டியதும் நான் ஓங்கி ஒரு அடி போடுவேன், அதற்கப்புறம்தான் பாட்டு. நடுவில் அறுந்தால் அந்த வருஷம் மழை சரியிருக்காது என்று பெருசுகள் முணுமுணுப்பார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஃபாதர் வருஷா வருஷம் பிரசங்கத்தில் திட்டுவார். ஆனால் ஊதும் நேரத்தில் அவர் கண்ணும் கொடிமரத்தின் மேலேதான் இருக்கும்.

சனத்தின் கண்ணோ ஊதுகிறவன் கழுத்தில் இருக்கும். உயிரைக் கொடுத்து ஊதுகிறானா, ஒப்புக்கு ஊதுகிறானா என்பதைக் கழுத்தைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்தில் முடிவு செய்வார்கள். நரம்பு புடைக்க வேண்டும். புடைத்தால் விசில் பறக்கும். மாமாவுக்கோ விரல் தடிமனுக்கு எழுந்து நிற்கும்! போன வருஷம் தேரன்று பையன்கள் அந்தக் கழுத்தை மட்டும் பெரிதாக்கி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். பெங்களூரில் வேலை செய்கிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்கள். எங்கள் செட்டுக்கு அதனாலேயே நாலு கல்யாணம் கூடுதலாக வந்தது. நான் அந்த வீடியோவைத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மழைக்காலத்தில் மாமாவின் முகம் உப்பிக்கொண்டு வந்தது. கோட்டுக் காலரின் கொக்கி மாட்டவில்லை. அக்கா அதைப் பிரித்துத் தள்ளித் தைத்துக் கொடுத்தாள், மறுபடியும் மாட்டவில்லை. 'மருமகனுக்கு இப்பத்தான் எங்க வூட்டுச் சாப்பாடு ஒடம்புல ஒட்டுது' என்று என் அம்மா பெருமையடித்துக்கொண்டாள். தரையில் குனிந்து டைல்ஸ் பதிக்கும்போது தலை கனக்கிறது, கண் இருட்டுகிறது என்று மாமா சொன்னார். ஒயிட் சிமெண்ட் நெடி என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தார். அக்கா மட்டும் விடாமல் நச்சரித்தாள்.

"ஏங்க, காலைல கண்ணு தொறக்க முடியாத அளவுக்கு வீங்கிக் கெடக்குது. ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாங்க."

"ஊதறவன் மூஞ்சி இப்படித்தான்டி இருக்கும். வந்துட்டா பெருசா."

இந்த இடத்தில் முனிராஜைச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் அவனை விட்டுவிட்டு இந்தக் கதை நகராது. பாப்பாரப்பட்டிப் பக்கம் நீலக் கோட்டு செட்டு ஒன்று இருக்கிறது. அதில் டிரம்பெட் முனிராஜ். நாங்கள் மாதா கோவில் தேருக்கு ஊதினால் அவன் மாரியம்மன் பண்டிகைக்கு ஊதுவான். மாமா வயசுதான் இருக்கும். நன்றாகவே ஊதுவான், அதுதான் எனக்கு எரிச்சல். அந்த வீடியோ பரவியதிலிருந்து அவனுக்கு வயிற்றெரிச்சல். எங்கே பார்த்தாலும் மாமாவின் கழுத்தையே முறைத்துக்கொண்டிருப்பான்.

தை மாதம் பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரையும் கேட்காமல் முனிராஜ் செட்டை இறக்கிவிட்டார்கள். ஊர்வலம் முழுக்க இரண்டு செட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடித்ததில் குதிரை மிரண்டு, மாப்பிள்ளை இறங்கி நடந்தே மண்டபத்துக்குப் போனான். எல்லாம் முடிந்து இரண்டு கோட்டுக்காரர்களும் ஒரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் முனிராஜ் ஆரம்பித்தான்.

"ஊதறப்ப நரம்பு பொடைக்கட்டும், வேணாங்கல. டீ குடிக்கறப்பவும் எதுக்குய்யா பொடச்சிக்கிட்டு நிக்கற? இங்க எவன் வீடியோ எடுக்கறான்?"

எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். மாமா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"நான் எங்கய்யா பொடைக்கறேன்? சும்மாதான நிக்கறேன்."

"சும்மா நிக்கறயா? அப்ப எறக்கு பாப்போம்."

இப்படி ஒரு பந்தயம் உலகத்தில் எங்காவது நடந்திருக்குமா தெரியவில்லை. நரம்பை ஏற்றுவதற்கு இல்லை, இறக்குவதற்குப் பந்தயம்! கடைக்காரர் உட்பட எல்லோரும் வளைத்துக்கொண்டார்கள். முனிராஜ்தான் முதலில். மூச்சை இழுத்து ஒரு ஊது ஊதினான், கழுத்து புடைத்தது. நிறுத்தினான், அடங்கிவிட்டது. 'இவ்ளோதான்யா' என்றான். எங்கள் கிளாரினெட்காரர் ஊதினார், புடைத்தது, அடங்கியது. இரண்டு செட்டிலும் ஊதுகிற ஒவ்வொருவரும் ஊதிக் காட்டினார்கள். விசிலும் கும்மாளமுமாக அந்த வீதியே கூடிவிட்டது. எல்லோருக்கும் அடங்கியது.

மாமா டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டு, மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார். அடங்கவில்லை. தோளைத் தளர்த்தினார். கண்ணை மூடினார். நான், 'மாமா, நல்லா எறக்குங்க, அந்த ஆள் மூஞ்சில கரியப் பூசுங்க' என்று கத்திக்கொண்டிருந்தேன். காதுக்குக் கீழேயிருந்து காலருக்குள் இறங்கிய இரண்டு நரம்புகளும் அப்படியே கயிறு மாதிரி நின்றன. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றுபோயிற்று. முனிராஜின் முகத்திலும் இளக்காரம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது.

"சவரி, கோட்டைக் கழட்டு" என்றான்.

மாமா கோட்டைக் கழற்றிச் சட்டைப் பட்டனைப் பிரித்தார். மார்பு முழுக்க, தோளிலிருந்து வயிறுவரை, நீலநீலமாக நரம்புகள் வளைந்து வளைந்து ஓடின. வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு அரசமர வேர் இறங்குமே, அப்படி இருந்தது. மாமா வெட்கப்பட்டுக்கொண்டு, கீழே கிடந்த டிரம்பெட்டை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் முகம் நாவல் பழமாகக் கறுத்தது. அப்படியே முன்னால் சரிந்தார். நான் பிடிப்பதற்கு முன்னால் முனிராஜ் பிடித்திருந்தான்.

அவன் பைக்கில் மாமாவை நடுவில் வைத்து, நான் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டு தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க முனிராஜ், 'தலையை நிமுத்திப் பிடிய்யா, குனிய விடாத' என்று என்னை அதட்டிக்கொண்டே வந்தான். அவன் சொல்லி நான் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.

மருந்து ஏற்றி நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சுக்கு நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது என்றார்கள். விஷயம் கேட்டு ஓடிவந்திருந்த அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கு அடைப்பு, கட்டி என்றால் ஒரே ஒரு வியாதிதான் தெரியும், அதன் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரைக்கும் நான் சாப்பிட்டது, தூங்கியது எதுவும் ஞாபகமில்லை. அந்தோணியாரிடம் பேரம் பேசினேன். தேருக்கு என் காசில் சீரியல் லைட்டு போடுகிறேன் என்றேன், மாமாவை மட்டும் விட்டுவிடு என்றேன்.

டாக்டர் அமுதவல்லி எங்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். அவர் முதலில் சொன்ன வார்த்தை, "கேன்சர் இல்ல." நான் மேசையில் டமால் என்று தட்டிவிட்டேன். அவர் பேனா தெறித்துக் கீழே விழுந்தது.

"பொறுங்க, முழுசாக் கேளுங்க. இவருக்கு முன்ன எப்பவாவது டி.பி. வந்திருக்கா?"

வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், பெங்களூரில் வேலை செய்தபோது, கழுத்தில் நெறி கட்டி வந்து மாத்திரை முழுக்க விழுங்கிக் குணமாகிவிட்டது. அதை மாமாவே மறந்திருந்தார்.

"நோய் போயிடுச்சு. ஆனா நெஞ்சுக்குள்ள இருந்த நெறிகளும் அப்ப புண்ணாகி ஆறியிருக்கு. ஆறின எடத்துல தழும்பு வரும்ல? ரொம்பச் சிலருக்கு அந்தத் தழும்பு நிக்காம வளர்ந்துக்கிட்டே போகும். நார் நாரா இறுகி, பக்கத்துல இருக்கறதெல்லாத்தையும் நெரிக்கும். தலையில இருந்தும் கையில இருந்தும் ரத்தத்தை இருதயத்துக்கு இறக்கற பெரிய குழாய் ஒண்ணு இருக்கு. இவருக்கு அதை நெரிச்சிருக்கு. மேல போற ரத்தத்துக்குத் திரும்பி இறங்க வழியில்ல. அதான் மொகம் வீங்குது, கழுத்துல தேங்கி நிக்குது. மார்ல தெரியுதே, அதெல்லாம் ரத்தம் தானா கண்டுபிடிச்சுக்கிட்ட குறுக்குச் சந்து."

நாங்கள் பலம் என்று நினைத்து விசிலடித்தது இதற்குத்தான்.

மாமா மெதுவாகக் கேட்டார். "ஊதலாங்களா, மேடம்?"

அக்கா அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"இப்ப ஊதினா உயிருக்கே ஆபத்து. அந்த நாரை அறுத்து எடுக்க முடியாது, எல்லாத்தோடயும் ஒட்டிக்கிட்டிருக்கு. தொடை வழியாக் கம்பி விட்டு, நெரிஞ்ச எடத்தைப் பலூனால விரிச்சு, ஒரு வலைக்குழாய் வெச்சுடலாம். ஸ்டென்ட்டு. சேலத்துல செய்வாங்க. அதுக்கப்புறம் குழாய் தெறந்தே இருக்கான்னு பார்க்கணும். ஊதறதெல்லாம் அப்ப பேசிக்கலாம்."

சேலத்தில் நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். முனிராஜும் வந்திருந்தான். உள்ளே மயக்கம் கொடுக்காமலே செய்தார்கள். பலூன் விரிந்தபோது நெஞ்சுக்குள் யாரோ கதவை உடைத்த மாதிரி இருந்தது, அடுத்த நொடி தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது என்று மாமா பிற்பாடு சொன்னார். வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்கா எட்டிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். 'ஐயோ, இவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மூஞ்சி!' என்று கத்திவிட்டு ஓவென்று அழுதாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குள்ளாகவே கன்னம் வற்றிக் கண் இரண்டும் வெளியே வந்திருந்தது. நான் வராந்தாவில் குதித்ததில் செக்யூரிட்டி வந்து என்னை மட்டும் கீழே இறக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அக்கா அதைத் தன் கையால்தான் கொடுப்பாள். ராத்திரி படுப்பதற்கு முன்னால் லைட்டைப் போட்டு அவர் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். மாமா மட்டையாகத் தூங்கினார், படுத்துத் தூங்கினார். மெல்ல மெல்ல வேலைக்கும் போனார். ஆனால் டிரம்பெட்டை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். அந்தப் பீரோவைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை அதன் கைப்பிடியைத் தொட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தேருக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று ஊரில் கேட்டார்கள். மாமா சிரித்துக்கொண்டே 'பாருங்க, பாருங்க' என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

தேருக்கு முன்னால் மறு ஸ்கேன். குழாய் நன்றாகத் திறந்திருந்தது. டாக்டர் அமுதவல்லி படத்தைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"ஊதுங்க. ஆனா அந்த ஒரே மூச்சு வேலையெல்லாம் கூடாது. நடுவுல நிறுத்தி, மூச்சு விட்டு, கழுத்து அடங்கினதுக்கப்புறம்தான் அடுத்தது. அடங்கலைன்னா அப்பவே கெளம்பி இங்க வந்துடணும். தழும்பு உள்ளதான் இருக்கு, வருஷா வருஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கலக்கம் ஒரு பக்கம். தேருக்கு ஒரே மூச்சுதானே வழக்கம்! நிறுத்தி ஊதினால் சத்தம் அறுந்துவிடும், மழை போச்சு என்பார்கள், பழி மாமா தலையில் விழும். நிறுத்தாமல் ஊதினாலோ அவரே இருக்க மாட்டார். 'பாட்டை மட்டும் ஊதுங்க மாமா, இதை விட்ருங்க' என்று கெஞ்சினேன். 'பாத்துக்கலாம் மாப்ள' என்று மட்டும் சொன்னார்.

அந்தோணியார் திருவிழா. பொழுது சாய்ந்து சீரியல் லைட்டு எரிகிறது, என் காசு. மாமா சிவப்புக் கோட்டைப் போட்டார். அக்கா காலர் கொக்கியை மாட்டினாள், ஒரே தடவையில் மாட்டிக்கொண்டது. ஊரே கோவில் வாசலில் நெருக்கியடித்து நிற்கிறது. வத்தல்மலையிலிருந்துகூட ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள். ஃபாதர் மந்திரித்தார், தேர் அசைந்தது, பேண்டு அமைதியானது. மாமா டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

என்ன சத்தம் அது! அத்தனை மாசம் பீரோவுக்குள் அடைந்து கிடந்த சத்தம்! கழுத்து புடைத்தது. ஆனால் இந்தத் தடவை ஒருத்தரும் விசிலடிக்கவில்லை. அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அந்த நரம்பையே பார்த்தார்கள். எனக்கு டிரம் குச்சி வியர்வையில் வழுக்கியது. தேர் கொடிமரத்துக்குப் பாதி வழிகூட வரவில்லை, மாமா டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

அவ்வளவுதான், அறுந்தது என்று நினைத்தேன். அறுந்துபோகவில்லை. அதே சுரம், அதே சத்தம், தேருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தால் நீலக் கோட்டு! முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறான். மாமா அவனுக்கு முன்னமே போன் போட்டுப் பேசிவைத்திருந்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் குதிப்பேன் என்று யாருமே மூச்சுவிடவில்லை.

மாமா டிரம்பெட்டைத் தொங்கவிட்டு, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். டீக்கடையில் நின்றாரே, அதே மாதிரி. எனக்கு அந்த நாள் கண்முன்னே வந்துவிட்டது. காதுக்குக் கீழே இரண்டு நரம்பும் நிற்கின்றன. இறங்கு, இறங்கு, இறங்கித் தொலையேன் என்று மனசுக்குள் கத்துகிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்துவிட்டாள். பூசையில்கூட வாய் திறந்து பாடாதவள் அவள்.

"எறங்கிருச்சு!"

அக்கா போட்ட கூச்சல் அது. "எறங்கிருச்சு, பாருங்க, எறங்கிருச்சு!"

இறங்கியிருந்தது. நரம்பு இருந்த தடமே தெரியவில்லை, சுத்தமான கழுத்து. அதற்கப்புறம் எழுந்த விசில் இருக்கிறதே, நரம்பு புடைத்ததற்கு எந்தக் காலத்திலும் அப்படி விசில் பறந்ததில்லை. மாமா சிரித்தார். டிரம்பெட்டைத் தூக்கிச் சத்தத்தை முனிராஜிடமிருந்து வாங்கிக்கொண்டார். முனிராஜ் நிறுத்தி, தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவர் நிறுத்தினால் இவன், இவன் நிறுத்தினால் அவர் என்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். தேர் கொடிமரத்தைத் தாண்டிவிட்டது. நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அடிக்க மறந்தே போய்விட்டேன்.

"பிரகாஷ், அடிடா!" என்று ஃபாதர் மைக்கிலேயே கத்தினார்.

அடித்தேன். டிரம் தோல் கிழிந்துவிட்டது.

முனிராஜ் வந்த வண்டியில் அவன் செட்டுச் சாமான் இருந்தது. அவனே போய் நீல டிரம்மை எடுத்துவந்து என் தோளில் மாட்டிவிட்டான். மிச்ச ஊர்வலம் முழுக்க அதைத்தான் அடித்தேன். எனக்கு முன்னால், சிவப்புக் காலருக்கு மேலே, மாமாவின் கழுத்து நரம்பு ஏறி ஏறி இறங்கிக்கொண்டே போனது.